பழஞ்சேலையில் வீடு: அம்மாப்பேட்டைத் துணிப்படங்கள், வாங்குமுன் கொஞ்சம் பேசலாம்

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச்சத்தம் இன்னும் கேட்கிற தெரு ஒன்றின் மாடியில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தைக்கிறார்கள். பழைய சேலை, வேட்டி, தாவணி எதையாவது கொண்டுபோய்க் கொடுத்தால், கொடுத்தவர் விட்டுவந்த வீட்டை அதே துணியில் படமாகத் தைத்துத் தருகிறார்கள். பாகம் பிரித்து இடித்த வீடு, கடனுக்கு விற்ற வீடு, ஏற்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை வீடு, மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போன ஊர் என்று எதுவாக இருந்தாலும் சரி. பலகை கிடையாது, குழுவுக்குப் பெயரும் வைக்கவில்லை. 'சேலைப்படம் தைக்கிறவங்க' என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

மூன்று அளவில் செய்கிறார்கள். ஓரடிச் சதுரம் 900 ரூபாய், 2 அடிக்கு 3 அடி சுவர்ப்படம் 4,200, 4 அடிக்கு 6 அடி போர்வை 7,500. துணி நம்முடையது, நூலும் அடித்துணியும் அவர்களுடையது. அவர்கள் தைத்த ஆறு படங்களைத் துவைத்து, வெயிலில் போட்டு, ஒரு மழைக்காலம் சுவரில் தொங்கவிட்டு, ஒன்றைப் பிரித்தும் பார்த்த பிறகு எழுதுவது இது. நூல் சேலையில், கைத்தையலில் கேட்டால் தாராளமாக வாங்கலாம். பட்டு என்றால் யோசிக்க வேண்டும். போட்டோ அச்சு வேண்டாம். ஏன் என்பதுதான் மீதி.

வேலை முறை ஒன்றும் புதிதல்ல. சேலத்துத் தறி வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் புழங்கும். பழைய துணிகளை அடுக்கித் தைத்த போர்வையைக் கன்னடக்காரர் கவுதி என்பார்கள், தெலுங்குக்காரர் பொந்த என்பார்கள். வங்காளத்தில் அதற்குக் காந்தா என்று பெயர். அங்கே சேலைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைத்திருக்கிறார்கள். படம் ஒட்டும் வேலையோ நம் கோயில் தேரில் உருளையாகத் தொங்கும் துணித் தொம்பையிலும் தேர்ச்சீலையிலும் பார்த்ததுதான்: ஒரு நிறத் துணியை வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்து, ஓரம் மடித்துத் தைப்பது. இந்தக் குழு இரண்டையும் சேர்த்திருக்கிறது. தரை கவுதி மாதிரி, மேலே படம் தொம்பை மாதிரி.

அடுக்கு மூன்று. அடியில் காடாத் துணி, நடுவில் நைந்த நூல் வேட்டி ஒரு மடிப்போ இரண்டு மடிப்போ, மேலே சேலை. நடுவில் பஞ்சு வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. போர்வைக்குக் குளிர் தாங்கும் என்று வைக்கலாம். சுவரில் தொங்கவிடுவதற்குக் கூடாது. நெருக்கித் தைக்காத பஞ்சு ஒரே வருடத்தில் கீழே இறங்கி உருண்டைகளாகக் கட்டிக்கொள்ளும், படத்தின் அடிவயிறு தொங்கும். வேட்டி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தரையில் ஓடுவது வெறும் ஓட்டுத் தையல். அரை அங்குலத்துக்கு ஒரு வரி, அங்குலத்துக்கு ஐந்து தையல். சுவர்ப்படத்தின் அகலம் 24 அங்குலம் என்றால் 47 வரி, ஒவ்வொன்றும் 36 அங்குல நீளம். வரிகளை மட்டும் கூட்டினாலே 43 மீட்டர், எட்டாயிரம் தையலுக்கு மேல். மூன்று அடுக்கில் மேலும் கீழும் போய்வருவதற்குக் கால் பங்கு கூடுதலாக நூல் எடுக்கும். ஆறு இழை கொண்ட 8 மீட்டர் எம்ப்ராய்டரி நூல்கண்டை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஆக ஒரு படத்தின் தரைக்கு மூன்று கண்டு. நூல் விலை பெரிதில்லை, கைதான் விலை. 4,200 அதிகம் என்பவர்கள் ஒரு முழ நீளத்துக்கு ஒரு வரி தைத்துப் பார்த்துவிட்டு வந்து பேரம் பேசட்டும்.

வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. நூலைச் சுண்டி இழுத்து முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே ஒளித்திருக்க வேண்டும். முதுகில் நிற்கும் முடிச்சு நாள்பட நைந்த துணியைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடும், வந்தால் அந்த வரி முழுக்க உருவும். அடுத்து, வெறும் தரையில் விரித்து ஓரங்களைக் கவனியுங்கள். மூலை தூக்கிக்கொண்டு நின்றால் நூலை இறுக்கி இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இஸ்திரி போட்டால் அப்போதைக்குப் படியும், சுவரில் மாட்டிய ஒரு வாரத்தில் பழையபடி சுருளும். பார்த்த ஆறில் ஒன்று அப்படி இருந்தது. சொன்னதும் பிரித்து மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை.

ஒட்டுத் துண்டுகளின் ஓரம் கால் அங்குலம் உள்ளே மடித்து ஹெம்மிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். வாயில் (voile) என்கிற மெல்லிய நூல் சேலைக்குக் கால் அங்குலம் போதாது, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவாவது விட வேண்டும். நைந்த வாயிலின் இழைகள் மடிப்புக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்துவிடும். வளைவு உள்பக்கம் போகும் இடத்தில், அதாவது குடத்தின் கழுத்து, கிணற்றின் வளையம் போன்ற இடங்களில், மடிக்கும் ஓரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால்தான் படியும். அந்த வெட்டு ஆழமாகப் போனால் அங்கேதான் முதலில் பிரியும். குடத்தின் கழுத்தை விரல் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

குழுவின் மேல் உள்ள பெரிய குறை இங்கேதான் வருகிறது. அவசர வேலை என்றால் துண்டுகளை மைதா பசையால் ஒட்டிவிட்டு மேலே தைக்கிறார்கள். நழுவாது, வேகமாகப் போகும், வெட்டும் சுத்தமாகத் தெரியும். ஆனால் மாவு எங்கே இருக்கிறதோ அங்கே கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வரும். பிரித்துப் பார்த்த படத்தில் பசை தடவிய இடத்தில் மட்டும் மேல்துணி சல்லடையாக அரிக்கப்பட்டிருந்தது. சேலம் ஜவ்வரிசி ஊர். கஞ்சி போட்ட புடவையை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் இதே கதிதான். கொடுக்குமுன் இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே 'பசை வேண்டாம், பெரிய தையலாக ஓட்டி நிறுத்திவிட்டுப் பிறகு தையுங்கள்' என்று சொன்னால் செய்கிறார்கள். நான்கைந்து நாள் கூடும்.

இன்னொன்று காடா. புதுக் காடாத் துணி முதல் தண்ணீரில் நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கும். 36 அங்குலத்தில் ஏறக்குறைய 2 அங்குலம். மேலே இருப்பதோ நூறு முறை துவைத்த சேலை, அது இனிச் சுருங்காது. அலசாத காடாவில் தைத்தால் முதல் துவைப்பிலேயே அடித்துணி இழுத்து, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இங்கே காடாவை ஒரு ராத்திரி ஊறவைத்து, அலசி, காயவைத்துத்தான் வெட்டுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எந்தத் துணியைக் கொடுப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மடித்தே வைத்த பழம்பட்டு மடிப்பு வழியாக இற்றுப்போயிருக்கும். இரு கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், காகிதம் கிழிவது மாதிரி சத்தம் வந்தால் அதில் ஊசி ஓட்டக் கூடாது. ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு கிழிசலாக விரியும். ஜரிகைக் கரையும் அப்படித்தான் அடம்பிடிக்கும்: ஊசியை மழுக்கும், நூலை அறுக்கும். நல்ல ஜரிகையில் இருக்கும் வெள்ளி காற்றுப்பட்டு மங்கும். செம்பில் செய்த போலி ஜரிகை கறுத்துப் பச்சை பாய்ந்து பக்கத்துத் துணியையும் கறையாக்கும். பட்டைத்தான் வைக்க வேண்டும் என்றால் தரையாக வைக்காமல் வாசல் கதவு, சாமி மாடம் என்று உள்ளங்கை அளவுக்கு மட்டும் வைத்து, அதன் அடியில் மல் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். சேலத்து வெண்பட்டு வேட்டி கொடுத்தவர் ஒருவரின் படத்தில் அதைக் கிணற்றுத் தண்ணீராக வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு அது போதும், அழகாகவும் இருந்தது.

இளம்பிள்ளைச் சேலைகளில் பெரும்பாலானவை பார்க்கப் பட்டு, இழையில் பாலியெஸ்டர் கலப்பு. சாயம் போகாது, சுருங்காது, பூச்சியும் சீந்தாது. இஸ்திரிதான் எமன். நூல் துணிக்கு வைக்கும் சூட்டில் வைத்தால் பளபளவென்று சப்பிப்போகும், இன்னும் கொஞ்சம் விட்டால் உருகும். நூலும் பாலியெஸ்டரும் கலந்த படத்துக்கு எப்போதும் குறைந்த சூடு, நடுவில் ஒரு துணி போட்டு.

சுங்குடி, அடர்சிவப்பு, கருநீலம், இந்த மூன்றும் சாயம் விடும் ஆட்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, சேலையின் உள்மடிப்பில் வைத்து, மேலே கனமாக எதையாவது வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெளிர் துணிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது எல்லாச் சாயத்துக்கும் பலிக்கிற வைத்தியமில்லை. குழுவில் இதை எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் சோதித்துப் பார்த்த ஆறில் ஒன்றில் சுவரின் வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகி நின்றது. வாசலில் செம்மண் பூசியது மாதிரி இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள்!

மஞ்சள் கறை தனிக் கதை. பாட்டியின் சேலைத் தலைப்பில் மஞ்சள் பூசிய கையைத் துடைத்த தடம் இருக்கிறது, அதை அப்படியே படத்தில் வையுங்கள் என்று கேட்பவர்கள் நிறைய. கேட்க நெஞ்சைத் தொடும், ஆனால் நிற்காது. மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுத்து மறையும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் சில மாதங்களில் தடம் இருந்த இடமே தெரியாது. தடத்தைச் சுற்றி மஞ்சள் நூலால் ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிடச் சொல்லுங்கள். கறை போனாலும் கை வைத்த இடம் இருக்கும். இது இங்கேயே ஒரு மூத்த பெண் செய்துவைத்திருந்த வழி, நாங்கள் கண்டுபிடித்ததில்லை.

கறுப்புக்குக் கடுக்காயும் துரு இரும்பும் சேர்த்த சாயம் வேண்டும், கலங்காரியில் போல இருக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கறுப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரும்புச் சத்து துணியைத் தின்னும். பழைய துணிகளில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கக் கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்து நிற்பது அதனால்தான். ஏற்கெனவே நைந்த சேலையில் அதைப் போடுவது புத்திசாலித்தனமில்லை. கறுப்புக்குக் கறுப்புச் சேலையே போதும்.

சரி, படம். கண்ணை மூடிக்கொண்டு 'எங்க வீட்டைத் தைச்சுக் கொடுங்க' என்றால் ஒரு கூரை வீடு, பக்கத்தில் இரண்டு தென்னை, பின்னால் மலை, நடுவில் சூரியன் வரும். காலண்டர் வீடு. அப்படி நாலு படம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாலும் ஒரே வீடுதான். தையல் சுத்தம், ஆனால் அதில் யார் வீடும் இல்லை. இதற்குக் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. கேட்கிறவர் சொன்னால்தானே அவர்கள் தைப்பார்கள்? வாசல் எந்தத் திசை, திண்ணை எத்தனை சாண், அடுப்பு எந்த மூலை, விளக்கு மாடம் கைக்கு எட்டுமா, தண்ணீர் எங்கே வைத்திருந்தார்கள், மழை பெய்தால் எங்கே ஒழுகும் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு காகிதத்தில் மேலிருந்து பார்க்கிற மாதிரி கட்டம் போட்டுக் கொடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

குழுவின் மிக நல்ல வேலை அப்படி மேலிருந்து பார்த்ததுதான். சேலத்தில் குகை என்கிற பகுதிப் பக்கத்துத் தறி வீடு ஒன்று, ஓரடிச் சதுரம். கூரையும் இல்லை, மரமும் இல்லை. தறிக்குழி ஒரு கறுப்புச் சதுரம், அதன் மேல் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நெருக்கமான வெள்ளை இழைகளாக வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மிச்ச இடத்தில் ஓர் அடுப்பு, ஒரு பாய், ஒரு தூளி. வீட்டில் தறிக்கு எவ்வளவு இடம், மனிதருக்கு எவ்வளவு இடம் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. வெளியே தெருவில் பாவு நீட்டும் இடமான பாவடி, அதில் பாவு நீட்டிய கோடு சதுரத்தின் விளிம்பைத் தாண்டிப் போகிறது. பாவுக்குத் தறியில் மிஞ்சிய நூலையே போட்டிருக்கிறார்கள். அது முறுக்குக் குறைந்த நூல், துணிக்குள் போய்வரும்போது பஞ்சாகப் பிரியும். எனவே நூலை மேலே படுக்கவைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை வேறு நூலால் கட்டித் தைத்திருக்கிறார்கள். சரியான முடிவு.

ஏற்காட்டு லயன் வீட்டுப் படம் அதற்கு அடுத்தது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, முன்னால் காபி உலர்த்தும் களம். களத்துத் துணியை டிகாஷனில் தோய்த்து நிறம் ஏற்றியிருக்கிறார்கள். யோசனை அருமை. படிகாரம் போட்ட தண்ணீரில் முதலில் ஊறவைக்காததால் நிறம் சீராகப் பிடிக்கவில்லை, இரண்டாம் அலசலில் பாதி போய்விட்டது. களத்தில் காய்ந்த பழத்துக்குப் பாசி மணி வைத்துத் தைத்தது வேண்டாத வேலை. மணி கனம், நைந்த துணியைக் கீழே இழுக்கும். அதற்குப் பிரெஞ்சு முடிச்சுத் தையல் போதும்.

மேட்டூர்ப் படம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். 1934-ல் அணை வந்தபோது நீருக்குள் போன ஊர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். 120 அடி முழு மட்டத்தில் நிற்கும் நீர் இறங்க இறங்கப் பண்ணவாடிப் பக்கம் முதலில் கிறித்தவ ஆலயக் கோபுரம் தலைகாட்டும், இன்னும் இறங்கினால் மூழ்கிய கோயிலின் நந்தி தெரியும். குழு தைத்த படத்தில் நந்தி முழுதாகக் கரையேறி உட்கார்ந்திருக்கிறது, கோபுரம் பாதி முங்கிக் கிடக்கிறது. ஆற்றங்கரைக்காரர் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீருக்கு வைத்த துணி மட்டும் அபாரம்: பழைய நீல வாயிலை இரட்டையாகப் போட்டு, கீழே தைத்த வீடுகள் மங்கலாகத் தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். மெல்லிய வாயிலின் அடியில் அடர்நிறத் துண்டின் மடிப்பு நிழலாகத் தெரியும், பொதுவாக அது குறை. இங்கே அதையே படமாக்கியிருக்கிறார்கள். நந்தியின் இடத்தை மாற்றினால் அந்தப் படத்துக்கு ஈடில்லை.

மாடிப்படி ஏறியதும் எதிரே தொங்குவது விற்பனைக்கில்லை. 24 பெண்கள் ஆளுக்கு ஓரடிச் சதுரம் தைத்து, ஆறுக்கு நாலாக இணைத்த கூட்டுப்படம். இப்படிச் சேர்த்துத் தைக்க ஆசைப்படும் பள்ளிகள், குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 12 அங்குலம் என்று சொன்னால் யாருடையதும் 12 அங்குலமாக வராது. இறுக்கித் தைப்பவர் சதுரம் 11 முக்கால், தளர்த்தித் தைப்பவர் சதுரம் 12 கால். இழுத்து இணைத்தால் நடுவில் வயிறு தள்ளும். ஆகவே எல்லோருக்கும் 14 அங்குலத் துணி கொடுத்து, தைத்து முடித்த பிறகு அட்டை அச்சு வைத்துப் பன்னிரண்டரைக்கு வெட்ட வேண்டும். அந்த அரை அங்குலம் இணைப்புத் தையலுக்குள் போய்விடும். சதுரங்களுக்கு நடுவே இரண்டு அங்குலப் பட்டி கொடுத்தால் சின்னப் பிசகுகளை அது விழுங்கும். கனமான சதுரங்கள் கீழ் வரிசைக்கு. மேலே வைத்தால் அடுத்த வரிசை அதன் பாரத்தில் நீளும். இவர்கள் படத்தில் மேல் வரிசை மூன்றாவது சதுரம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

போட்டோ அச்சு: பழைய வீட்டின் புகைப்படத்தைச் சூட்டு அச்சில் துணியில் ஏற்றித் தருகிறார்கள், 350 ரூபாய் கூடுதல். நூல் துணியில் ஏற்றும் அந்தத் தாள் பிளாஸ்டிக் தோல் மாதிரி மேலே உட்காரும், ஊசி போகிற இடமெல்லாம் வெடிக்கும், நாலு துவைப்பில் செதில் செதிலாக உரியும். துணிக்குள்ளேயே இறங்கும் அச்சு வேறு, அது பாலியெஸ்டரில்தான் நிற்கும். போட்டோவைச் சட்டமிட்டுத் தனியாக மாட்டுங்கள்.

மாட்டும் முறையிலும் கேட்டு வாங்க வேண்டியது உண்டு. மூலைக்கு ஒரு வளையம் தைத்துக் கொடுப்பது இவர்கள் வழக்கம். ஆணியில் மாட்டினால் நடு தொங்கி, மேல் ஓரம் வில்லாக வளையும். முதுகில் மேல் ஓரத்தை ஒட்டி, முழு அகலத்துக்கும் மூன்று அங்குலக் குழாய்ப் பட்டி தைக்கச் சொல்லி, அலுமினியக் கம்பி நுழைத்து மாட்டுங்கள். மூங்கில் அழகுதான், பதப்படுத்தாத மூங்கிலில் வண்டு துளைத்து மாவு கொட்டும். சுவரை ஒட்டாமல் அரை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் வேர்க்கும், துணியின் முதுகில் பூஞ்சை பிடித்த பிறகுதான் முகத்தில் தெரியும். வெயில் வந்த நாளில் எடுத்து நிழலில் உலர்த்துங்கள், நேர் வெயில் வேண்டாம். பெட்டியில் வைப்பதானால் மடிக்காமல் குழாயில் சுருட்டி, படம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. அந்துருண்டை ஜரிகை மேல் படக்கூடாது. காய்ந்த வேப்பிலையை மல் துணியில் முடிந்து போடலாம்.

சுவர்ப்படத்துக்கு ஆறு வாரம் என்கிறார்கள், எட்டு வாரம் ஆகிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் கொடுத்தால் இன்னும் தள்ளும். முன்பணம் பாதி. ரசீதில் கொடுத்த துணிகளின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள், நிறத்தையும் நீளத்தையும் எழுதுவதில்லை, எழுதச் சொல்லுங்கள். படத்தின் முதுகில் வீட்டின் ஊர், கொடுத்தவர் குடும்பப் பெயர், வருடம் மூன்றையும் தைத்து வைக்கிறார்கள். தைத்தவர் பெயர் இல்லை. கேட்டால் எல்லோரும் சேர்ந்து செய்ததுதானே என்கிறார்கள். எட்டாயிரம் தையல் போட்டது ஒரு கை. அந்தக் கையின் முதலெழுத்தாவது மூலையில் இருக்கட்டும் என்று கேட்டுத் தைத்து வாங்குங்கள், கூடுதல் காசு கேட்க மாட்டார்கள்.

வெட்டியது போக மிச்சத் துணி எப்போதும் மிஞ்சும். சேலை ஒன்றில் பாதிகூடச் செலவாவதில்லை. கேட்காவிட்டால் அது மாடியில் இருக்கும் பொது மூட்டைக்குப் போய்விடும். கேட்டு வாங்கி, படத்தைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் துவையுங்கள். பத்து வருடம் கழித்து எங்காவது கிழிந்து ஒட்டுப் போட வேண்டி வந்தால், அதே அளவு வெளுத்த துணி கையில் இருக்கும்.